ஒரகடத்து முதியோர் இல்லத்தில் ஒரு லீவு நாள்

ஒரகடம் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் இங்கே கேட்டிருக்கிறீர்கள். நான் போனது 1991-இல், அதுவும் ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. என் அக்கா கமலா அங்கே ஆயாவாக வேலை பார்த்தாள். அவள் மகளைப் பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் தாம்பரத்தில் அக்கா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் முடிக்க வேண்டும். அத்தான் இல்லாத வீடு. பெண்ணுக்கு அம்மாவாவது கூட நிற்க வேண்டாமா? அக்காவைக் கையோடு கூட்டிவரக் கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை ஏழே முக்காலுக்கு பஸ். ஒரகடம் கூட்டுரோடு வரை இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இரண்டரை ரூபாய், படப்பை வரை நின்றுகொண்டே பயணம். இறங்கி வாலாஜாபாத் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடை. இப்போது ஷேர் ஆட்டோ கிடைக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை, சட்டையைப் பிழியலாம்.

இருபத்திரண்டு பெரியவர்கள், மூன்று ஆயாக்கள். அக்காவுக்குப் பதிலாக வந்திருந்த பெண் வேலைக்குப் புதுசு. "பன்னெண்டு வரைக்கும் கூட இருந்து காட்டிக் குடுத்துட்டு வரேன்டா" என்றாள் அக்கா. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டி, ஈரத்துணி மாற்றி, முதுகில் புண் கண்டிருக்கிறதா என்று பார்த்து, பவுடர் போட வேண்டும். கடைசிக் கட்டிலை முடிப்பதற்குள் முதல் கட்டில் மறுபடி நனைந்திருக்கும். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அலுத்துப்போனது.

சும்மா இருக்காமல், ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒரு பெரியவருக்கு உப்புமா ஊட்டுகிறேன் என்று தட்டை வாங்கினேன். மனிதர் வாயே திறக்கவில்லை. "சாப்பிடுங்கய்யா, உங்க பையன் மத்தியானம் வராரு" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். தட்டு காலி! பெருமையாக அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அடப்பாவி, இன்னாடா சொன்ன?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "வருவாருன்னு மட்டும்தான் சொல்லணும். என்னிக்கு, எப்பன்னு இங்க நாங்க யாரும் சொல்லவே மாட்டோம்டா."

பெரியவர் சலவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வாசல் கேட்டருகே போய் உட்கார்ந்தார். பன்னிரண்டரை மணி வெயில். மகன் வந்தால்தான் சாப்பாடாம். காலையில் சுகர் மாத்திரை போட்டவர், மத்தியானம் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார். புதுப்பெண் கையைப் பிடித்தாள், தள்ளிவிட்டார். நான் போய், "ஐயா, நான் சொன்னது பொய்" என்றேன். "நீ யாருப்பா?" என்று கேட்டார்.

எங்கள் பஸ் ஒன்றேகாலுக்கு. அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பையோடு நின்றாள்.

"நீ கெளம்புடா. இவர சாப்பிட வெச்சுட்டு அடுத்த பஸ்ல வரேன்."

அடுத்த பஸ் மூன்றே முக்காலுக்கு. அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"நான் இருக்கேன்கா, நீ போ."

"உங்கையால சாப்பிடுவாரா? வுழுந்துட்டாருன்னா அந்தப் பொண்ணு தலைலதான் பழி. போடா, எம் பொண்ணு அங்க தனியா கீறா." பட்டுப்புடவையோடு அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

பெண்ணின் அம்மா எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை கேட்டார்கள். டூட்டி என்றேன். ஆனாலும் அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

இனி வந்து என்ன என்று அக்கா அன்று இல்லத்திலேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலை அதே ஏழே முக்கால் பஸ்ஸில் போய் அவளிடம் சொன்னேன். பெரியவர் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டாராம். ஒரு கட்டிலில் துணி மாற்றிக்கொண்டே சிரித்தாள்.

"எந்தப் பொடவ கட்டிக்கினா?"

"தெரியலக்கா."

"காபி குடுக்கறப்ப கை நடுங்கிச்சா? பூ வெச்சுக்கினாளா?"

நான் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. ஈரத்துணியைச் சுருட்டி வாளியில் போட்டாள். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பதினோரு மணிக்கு முன்னால் போகாதீர்கள், அது குளிப்பாட்டும் நேரம். இனிப்பு வேண்டாம், பழைய வேட்டி, பருத்திப் புடவை கொண்டுபோங்கள், எவ்வளவு இருந்தாலும் அங்கே போதாது. அங்கு வேலை செய்பவர் உங்கள் வீட்டு மனுஷி என்றால், வீட்டு விசேஷத்தில் நடப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். அவள் கேட்பாள்.