ஜீப்பில் இறங்கிய மாதிரிகள்

போடி கடைத்தெருவில் அப்பா வைத்திருந்த இரும்புக்கடைக்கு வந்தவர்கள் யாரும் அளவு சொல்லிக் கேட்டதில்லை. அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்ற பேச்செல்லாம் கடைக்காரர்களுக்குள்தான். வருகிறவர் மடியிலிருந்து ஒரு பழைய போல்ட்டை எடுத்துப் பலகைமேல் வைப்பார். "இதே மாதிரி ஒண்ணு" என்பார். அந்தப் பழைய சாமானுக்கே கடையில் 'மாதிரி' என்றுதான் பெயர். மலைமேல் ஏலத்தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இறங்கிவர நேரமிருக்காது. அவர்கள் மாதிரியை மட்டும் ஜீப்பில் அனுப்புவார்கள். நாங்கள் புதுச் சாமானையும் அந்த மாதிரியையும் ஒரே கயிற்றில் கட்டித் திருப்பி அனுப்பவேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மேலே இருப்பவருக்கு நம்பிக்கை வரும்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆணி எடை போடுவார், வாய் ஓயாமல் பேசுவார், ஆனால் போல்ட்டின் மரையைப் பார்த்துச் சொல்ல அவரால் ஆகாது. அதனால் பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் கடையில் உட்கார்ந்தேன். வயசுக்கு வந்த பெண் இரும்புக்கடையில் உட்காருவதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்கள் ஒருவரும் வந்து மரை பார்த்துக் கொடுக்கவில்லை. நான் அவர்களைச் சட்டை செய்யவும் இல்லை.

மாதிரியைப் பார்த்தே மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கொக்கி வைத்த நீளப் போல்ட்டும் தார் பூசிய வாசரும் வந்தால் எங்கோ காற்றில் கூரைத் தகரம் போயிருக்கிறது. தார் வாசர் போடாமல் தகரத்தை முடுக்கினால் மழைநீர் போல்ட்டு வழியாகவே உள்ளே இறங்கும். இரண்டு கால் உள்ள வளைவு ஆணி வந்தால் வேலிக்கம்பியைக் காட்டுப்பன்றி சாய்த்துவிட்டது. பிளவு ஊசி கேட்டு டிரைவரே ஓடிவந்தால் அவருடைய ஜீப்பில்தான் ஏதோ கழன்றிருக்கிறது. அந்த ஊசி நட்டுக்குக் குறுக்கே போய் இரண்டு பக்கமும் மடங்கி உட்கார்ந்துகொள்ளும். அது இருக்கிறவரை எத்தனை கொண்டை ஊசி வளைவில் ஆடினாலும் நட்டு கழலாது. அது இல்லாமல் போடிமெட்டு ஏறுகிறவனுக்கு மண்டையிலேயே மரை கழன்றிருக்கவேண்டும் என்று அப்பா சொல்வார்.

என் வீட்டுக்காரரை நான் முதலில் பார்த்ததும் ஒரு போல்ட்டால்தான். மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அவர் பிட்டர். அடுப்பு, சூடு போகிற தகரக் குழாய், கூரை, பம்பு, வேலி, எது கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஸ்டோர் அடுப்பு வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், எல்லாம் அங்குலக் கணக்கு. கடைக்கு அப்போது புதிதாக மில்லிமீட்டர் போல்ட்டு வர ஆரம்பித்திருந்தது. அரை அங்குலமும் பன்னிரண்டு மில்லிமீட்டரும் பார்வைக்கு அண்ணன் தம்பிதான், ஆனால் மரை வேறு. நட்டு இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகி நின்றுகொள்ளும். அப்படி நின்றுபோன ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே இறங்கி வந்திருந்தார். மாதிரியும் நான் கொடுத்ததும் ஒன்றுதான் என்று நான் சாதித்தேன். அவர் இரண்டின் மரையையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பல் பொருந்தாமல் இடையில் வெளிச்சம் தெரிந்தது. நான் பெட்டியில் தப்பாக ஒட்டியிருந்த அளவுச் சீட்டைத் திட்டினேன், அவர் சிரித்தார். கொஞ்ச நாளில் அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள்.

வைகாசியில் கல்யாணம். ஆனி பிறந்ததும் அவர் மேலே போய்விட்டார். என்னைக் கூட்டிப்போக இடமில்லை. தொழிலாளர்களுக்கான லயத்தில் ஒரே அறையில் கல்யாணமாகாத ஆண்களோடு படுத்திருந்தார். லயத்தின் கடைசி அறை ஒன்று மரம் விழுந்து இடிந்து கிடந்தது. ஸ்டோர் வேலை போக மிச்ச நேரத்தில் அதைச் சரிசெய்து கொண்டால் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம் என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அறை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். நான் அப்பா வீட்டிலேயே இருந்தேன். கல்யாணமாகியும் பிறந்த வீட்டில் இருக்கிற பெண்ணை ஊர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வரக்கூடாது.

ஜீப்பில் ஒருவர் மடிமேல் ஒருவராக உட்கார்ந்து வருகிற கூட்டத்துக்கு நடுவில், பொண்டாட்டிக்கு ஆசையாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப அந்தக் காலத்தில் எந்த ஆம்பிளை துணிவான்? அவரிடமிருந்து மாதிரிதான் வரும். டிரைவர் அண்ணன் அதை முன்கண்ணாடிக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவருவார். வாழைநார்க் கட்டு, முடிச்சைப் பார்த்தாலே அவர் கை என்று தெரியும். மற்றவர்களுடைய கட்டுகளை அரிவாளால் அறுப்பேன், அவருடையதை நகத்தால்தான் பிரிப்பேன். அந்த இரும்பில் புகையும் டீசலும் பச்சை ஏலக்காயும் சேர்ந்து மணக்கும். அப்பாவுக்குக் கண் தெரியாதது வசதியாகப் போயிற்று, நான் முகர்ந்து பார்ப்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரரைத் தொட முடியாத கைக்கு அவர் தொட்ட இரும்பாவது கிடைத்ததே என்று இருக்கும். அதையும் அன்று சாயந்தரமே திருப்பிக் கட்டி அனுப்பியாகவேண்டும்.

ஆடிக் காற்று ஓய்ந்ததும் கொக்கிப் போல்ட்டும் தார் வாசரும் வந்தன. கொஞ்சமாகத்தான் வந்தன, ஒரு அறைக்கு ஆகிற அளவு. என் அறைக்குக் கூரை ஏறுகிறது என்று புரிந்துகொண்டேன். ஒவ்வொரு வாசரையும் சுண்டிப் பார்த்து நல்லதாகப் பொறுக்கிக் கட்டினேன். அதற்குள் மேலே காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. காய் வந்துகொண்டிருக்கிறவரை ஸ்டோர் அடுப்பு அணையக் கூடாது, பிட்டர் இறங்கவும் முடியாது. தீபாவளிக்கு வந்தவர் மறுநாளே ஏறிவிட்டார். வீடு நிறைய விருந்தாளி. கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அறை என்ன ஆச்சு என்று கேட்டேன். கூரை போட்டாச்சு, கதவுதான் பாக்கி என்றார்.

அடுத்த வாரமே ஒரு கீல் வந்தது.

கீலில் பல ரகம் உண்டு. வேலிப் படலுக்கும் கொட்டகைக்கும் நீளப் பட்டை வைத்த கீல் போடுவார்கள். வந்தது அதுவல்ல. வீட்டுக் கதவுக்கு நிலையோடு சேர்த்துப் பதிக்கிற, விரித்தால் புத்தகம்போல் திறக்கிற கீல். என் அறைக்குக் கதவு ஏறப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன். கடையிலேயே கனமான கீலாக எடுத்து, அதற்குத் தலை தட்டையான திருகாணிகளைத் தேர்ந்தெடுத்தேன். கீலுக்குக் குமிழ்த் தலைத் திருகாணி போட்டால் கதவு முழுசாக மூடாது. திருகாணியை எண்ணெயில் தோய்த்து அனுப்பினேன், மலை ஈரத்தில் துருப்பிடிக்கக் கூடாதே. வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். சேலையெல்லாம் மடித்து வைத்தேன். கம்பளி ஒன்று வாங்கினேன். பக்கத்து வீட்டு அத்தை கேட்டபோது, மேலே போகப்போறேன் என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அத்தையிடம் சொன்னால் தெருவுக்கே சொன்னதுபோல.

ஜீப்பு மறுபடி வந்தபோது டிரைவர் அண்ணன் பூட்டுப் போடுகிற கொண்டி ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தார். நான் மனசை அடக்கிக்கொண்டு, கதவு மாட்டியாச்சா என்று மட்டும் கேட்டேன்.

"மாட்டியாச்சு தாயி. மூடை அடுக்குற அறைக்குக் கதவு கெட்டியா இருக்கு. இனி ஒரு காய் களவு போகாது" என்றார்.

என் கீல் ஏலக்காய் மூட்டைக்குப் போயிருந்தது. நான் கொண்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஆணிச் சாக்குகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அவர்மேல் கோபம், டிரைவர்மேல் கோபம், மலையில் விளைகிற அத்தனை ஏலக்காய்மேலும் கோபம். ஏலக்காய்க்கு அதற்குள் கூரையும் கதவும் பூட்டும் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு கதவுகூட இல்லை. அத்தை அதற்குப் பிறகு தினமும், எப்போ ஆத்தா பயணம் என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். பெட்டியைப் பிரிக்கவும் ரோஷம் இடம் தரவில்லை. உடுத்த நாலு சேலையை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டேன்.

அழுது முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று புத்தியில் பட்டது. கூரை மூட்டைக்கும் வேண்டும், மனுசருக்கும் வேண்டும். கீலும் அப்படித்தான், வெளியே பூட்டுகிற கொண்டியும் அப்படித்தான். மூட்டைக்குத் தேவைப்படாதது ஒன்றே ஒன்றுதான், உள்தாழ்ப்பாள். உள்ளே இருந்துகொண்டு கதவைச் சாத்திக்கொள்ள ஆசைப்படுவது மனுசர்தான், அதிலும் புதிதாகக் குடித்தனம் போகிற மனுசர். உள்தாழ்ப்பாளுக்கு மாதிரி வருகிற அன்றைக்குத்தான் என் பயணம் என்று முடிவுகட்டினேன்.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. ஜீப்பு இறங்கும்போதெல்லாம் என் கண் முன்கண்ணாடிக்குக் கீழேதான் போகும். அடுப்புக்கு ஒரு போல்ட்டு வரும். பம்புக்கு ஒரு வாசர் வரும். காய் பரப்புகிற கம்பிவலைத் தட்டுக்குச் சின்ன ஆணி வரும். அவர் கட்டிய வாழைநாரை ஒவ்வொரு தடவையும் நகத்தால் பிரித்துப் பார்ப்பேன். உள்தாழ்ப்பாள் மட்டும் வரவில்லை. கடைச் சுவரில் பித்தளையிலும் இரும்பிலும் வரிசையாகத் தொங்கின தாழ்ப்பாள்களை ஆள் இல்லாத நேரத்தில் இழுத்து இழுத்துச் சாத்திப் பார்ப்பேன். அப்பா சத்தத்தைக் கேட்டுவிட்டு, எலி என்னமோ பண்ணுது என்பார். தெரிந்துதான் சொன்னாரோ என்னவோ.

தை பிறந்து காய் எடுப்பு ஓய்ந்த சமயம். காலையில் கடை திறந்து, அப்பா ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் போல்ட்டுப் பெட்டியில் குனிந்திருந்தேன். பலகைக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள். நிமிரவில்லை. என்ன வேணும் என்று கேட்டேன்.

"உள்தாழ்ப்பாள் ஒண்ணு."

நிமிர்ந்தேன். அவர்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கன்னம் ஒட்டிப்போய் நின்றார். என் வாய் பழக்கதோஷத்தில் வாடிக்கைக்காரரிடம் கேட்பதுபோலவே கேட்டுவிட்டது. "மாதிரி?"

"மாதிரி ஏது? அந்தக் கதவுல இதுக்கு முன்னாடி உள்தாழ்ப்பாளே இருந்ததில்ல" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "நீ வந்து பாத்து அளவு சொல்லு" என்றார்.

நான் அப்பா பக்கம் திரும்பினேன். ஆணி வாங்க வந்தவர் வேறு வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார். அப்பா தராசைக் கீழே வைத்தார். சுவரைத் தடவித் தடவி, தொங்கின தாழ்ப்பாள்களில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஒவ்வொன்று கழற்றினார். விரலாலேயே அளவு பார்த்தார். கண் இல்லாமலும் கடை நடத்துவேன் என்று காட்டினாரா, இல்லை நான் போன பிறகு நடத்தத் தன்னையே தேற்றிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. மூன்றையும் என் கையில் வைத்தார்.

"எது சேருதோ அதப் போடு ஆத்தா. ஜீப்பு கெளம்பீரும், வெரசா போ" என்றார்.

பெட்டி கட்டியே இருந்தது. அத்தை வாசலில் நின்று பார்த்தாள். போயிட்டு வர்றேன் அத்தை என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

நடுத்தரத் தாழ்ப்பாள்தான் சேர்ந்தது. அவர் பிடித்துக்கொண்டார், நான் திருகாணியை முடுக்கினேன். அந்த அறையில் பல வருஷம் குடியிருந்தோம், பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். காய் எடுப்புக் காலத்தில் அவர் ஸ்டோரிலிருந்து எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. கதவை வெறுமனே சாத்தி வைத்திருப்பேன். கடைசியாக உள்ளே வருகிறவர் அவர், அதனால் தாழ்ப்பாள் போடுவது எப்போதும் அவர் வேலை. பிறகு போடிக்கே இறங்கிவந்து வீடு கட்டியபோதும் அது அப்படியே தொடர்ந்தது. இரும்புக்கடையில் பிறந்து வளர்ந்தவள் நான். எத்தனையோ பேர் கதவுக்குத் தாழ்ப்பாள் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக் கதவுக்கு ஒரு நாளும் நான் தாழ்ப்பாள் போட்டதில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு மகள் என்னைத் திட்டுகிறாள். கதவைச் சும்மா சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே, தனியாக இருக்கிறவள் தாழ்ப்பாள் போடவேண்டாமா என்கிறாள். அவள் சொல்வது சரிதான். எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறேன். இன்னும் ஆள் வரவேண்டியிருக்கிறதே என்றுதான் ஒவ்வொரு நாளும் முதலில் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன். பிறகு நான்தான் போடுகிறேன்.