ஃபேனை நிறுத்தச் சொன்ன நசீர் பாய்

நசீர் பாய் போய்விட்டார்... நேற்று காலை, ஹார்ட் அட்டாக். சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது.

பழைய கம்பெனி ஆட்கள் பலருக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன இன்ஜினியரிங் கம்பெனி. அவர் கிரைண்டிங் மெஷின் ஆபரேட்டர், நான் குவாலிட்டி செக்கிங்.

அவர் முடித்த பீஸை நான் ரிஜெக்ட் செய்தால், "இன்னா செந்திலு, கோளாறு உன் கண்லயா, உன் கேஜ்லயா?" என்பார். பல தடவை கோளாறு அளவு பார்க்கிற என் கேஜில்தான் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. கீழ்க்கட்டளையில் தன் வீட்டு டைனிங் டேபிளில் அவர் செய்த ஒரு ஹங்கேரி பலகாரத்தைப் பற்றி.

ஒரு மெஷின் ட்ரெயினிங்குக்காக கம்பெனி அவரை ஹங்கேரிக்கு அனுப்பியது. அங்கே வேலை கற்றுக்கொடுத்த ஆபரேட்டர் லாஸ்லோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

லாஸ்லோவின் அம்மா ரேட்டெஷ் செய்தாராம். மாவைக் காகிதத்தைவிட மெல்லிசாக இழுத்து, உள்ளே பழம் வைத்துச் சுருட்டி, ஓவனில் சுடுவது.

அந்த ஊரில் பன்றிக் கொழுப்பு தடவுகிறவர்களும் உண்டாம். அந்த அம்மா, பாய் எதிரில் புது சூரியகாந்தி எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அப்புறம்தான் மூடியைத் திறந்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் பாய் கையைத் தூக்கி, அந்த அம்மா பாட்டிலைப் பிடித்த மாதிரியே பிடித்துக் காட்டுவார்.

ரெண்டு வருஷம் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். அடுத்த மாதமே லாஸ்லோ எங்கள் கம்பெனிக்கு மெஷின் சர்வீஸுக்கு வருவதாகத் தகவல்.

பாய் போனில் வாயை விட்டுவிட்டார். வீட்டுக்கு வா, ரேட்டெஷ் செய்து தருகிறேன் என்று... அதுவரை அவர் ஒரு சப்பாத்திகூட இட்டதில்லை!

"அம்மாவைப் பறிகுடுத்தவன்பா. வாக்கு குடுத்துட்டேன். அவன் இங்க வந்து கிழிஞ்ச மாவைத் துன்னுட்டுப் போவணுமா?"

கையில் இருந்தது மூன்று ஞாயிறு.

மைதா, வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் வினிகர், எண்ணெய், உப்பு. பிசைந்து டேபிளில் அடி அடி என்று அடிப்பார். கீழ்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே ஓடிவந்தார்.

மாவை ஊறவைத்து, அவர் மனைவி ஜெரினா அக்காவின் பூப்போட்ட பெட்ஷீட்டை டேபிளில் விரித்து, புறங்கைகளை மாவுக்கு அடியில் விட்டு இழுப்பார். பாதி டேபிள் வருவதற்குள்... டர்ர்.

முதல் ஞாயிறு கிழிந்தது. ரெண்டாவது ஞாயிறும் கிழிந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். எவ்வளவு மெல்லிசு என்று பார்க்க, மைக்ரோமீட்டரைக் கொண்டுபோய் மாவில் வைத்தேன். அது கவ்விக்கொண்டு ஒரு ஓட்டையே போட்டுவிட்டது.

"இங்கயும் வந்து ரிஜெக்ட் பண்ணிட்டியா?" என்றார்.

ஜெரினா அக்கா, "பேசாம பரோட்டா போட்டுக் குடுங்க, அவரு இன்னா கண்டாரு?" என்றார். பாய் கிழிந்த மாவைத் திரட்டி உருட்டி ஓரமாக வைத்தார். முகம் வாடிப்போயிருந்தது.

மூன்றாவது ஞாயிறு. மே மாதத்து மத்தியானம், திடீரென்று கரண்ட் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் ஈபி-யைத் திட்ட ஆரம்பித்தோம்.

பாய் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தார். மாவு கிழியவில்லை.

அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார். "ஃபேனுய்யா... இத்தினி நாளா மாவைக் காய வெச்சுகினு இருந்தது இந்த ஃபேனுதான்!"

மே மாதம் மெட்ராஸில் எவனுக்கு ஃபேனை நிறுத்தத் தோன்றும்?

அப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது... மாவு விரிய விரிய, அடியில் பெட்ஷீட்டின் பூக்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. சிவப்புப் பூ, இலை, காம்பு, எல்லாம். மாவு டேபிளைத் தாண்டி நாலு பக்கமும் தொங்கியது.

காலம் பூராவும் மைக்ரான் கணக்கு பார்க்கிறவன் நான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கரண்ட் வந்தது. "செந்திலு... சுச்சு!" என்று ஒரு கத்தல். பாய்ந்து போய் அணைத்தேன். அன்றைக்கிருந்து சுவிட்ச்போர்டு காவல் என் பொறுப்பு.

லாஸ்லோ வந்த அன்றும் நான் அங்கேதான் நின்றேன். பாய் நெற்றியில் டவலைக் கட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தார்.

லாஸ்லோ கொஞ்ச நேரம் பார்த்தார். வாட்ச்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய்ப் புறங்கைகளை மாவுக்கு அடியில் விட்டார். அம்மா இழுக்கும்போது அவர் நிற்கிற இடமாம் அது, அப்புறம் சொன்னார்.

ரெண்டு பேருக்கும் பொதுவாக நாற்பது இங்கிலீஷ் வார்த்தை இருந்தால் அதிகம். அந்தப் பத்து நிமிஷம் அதுவும் தேவைப்படவில்லை... டேபிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஒருத்தர் நின்றால் மற்றவரும் நின்றார்.

அவர்கள் ஊர்ப் புளிப்புச் செர்ரிக்கு இங்கே எங்கே போவது? கிளிமூக்கு மாங்காய்த் துருவல், சர்க்கரை, பட்டைத்தூள், சாறு இழுக்க வறுத்த ரொட்டித்தூள். பெட்ஷீட்டின் ஒரு ஓரத்தைத் தூக்கினார்கள், மாவு தானாகவே சுருண்டுகொண்டு போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

சுட்டு எடுத்து முதல் துண்டை வாயில் வைத்ததும், லாஸ்லோ ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பாய் அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். "ஃபேனைப் போடுப்பா, அவனுக்கு வேர்க்குது பாரு."

இப்படிப்பட்ட மனுஷன்.

நேற்று லாஸ்லோவுக்கு நான்தான் வீடியோ காலில் சொன்னேன். கட் பண்ணாதே என்றார். வீட்டிலிருந்து கபரஸ்தான் வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டே போனேன்.

எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டுவிட்டு நகரப் பார்த்தேன். போனுக்குள்ளிருந்து, "செந்தில்... எனக்கும்" என்றார்.

திரும்பி வந்து, இடது கையில் போனைக் குழிப்பக்கம் காட்டியபடி, வலது கையால் இன்னும் மூன்று பிடி போட்டேன்.

போய் வாங்க பாய்.