மொட்டைத் தலையிடம் பிரசாதம் கேட்டேன்

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இன்று அருப்புக்கோட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ரெட்டியபட்டி ராசு மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். என் வாய் சும்மா இருக்குமா?

“ஏலே மாப்ளே, எந்தக் கோயில்ல மொட்டை? பிரசாதம் எங்க?” என்று கையை நீட்டினேன்.

“கோயிலுக்குப் போகல மாமா. விசக்காய்ச்சல் விட்டும் முடி கொட்டுறது நிக்கல, அதான் வழிச்சுட்டேன். கையும் நடுங்குது. பருத்தி எடுக்க முடியல.”

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்த பொடி முழுவதையும் என் கையில் வைத்தான். “காலையில இருந்து ஆசுபத்திரி வரிசையில நின்னேன். இம்புட்டு மருந்துதான் குடுத்தாக. இதான் நமக்குக் கெடச்ச பிரசாதம்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. வெட்கத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல், அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டேன்.

அவனைப் பார்த்தால் நீங்களாவது ஒழுங்காக விசாரியுங்கள்.

மருந்து கசப்பு. ஆசுபத்திரி இனி நாளைக்குத்தான் திறக்கும்.