பிறர் கோப்பையைக் குடித்தவர்

என் அத்தான் மா ஜோங்பில் தென்கொரியாவின் சாங்வொன் நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் விற்பனை மேலாளர். உண்மையான உத்தியோகம் வேறு. விருந்தில் ஊற்றிய சோஜு மதுவை ஒருவரால் குடிக்க முடியாவிட்டால், அவருக்காக வாங்கிக் குடிப்பவரைக் கறுப்பு வீரன் என்போம். கம்பெனிக்கு அத்தான்தான் அந்த வீரன். அல்சர் வந்த முதலாளிக்காகக் குடித்தார், கர்ப்பமாக இருந்த கணக்காளருக்காகக் குடித்தார். அவருக்காக யாரும் ஒரு வாய் குடித்ததில்லை. எனக்கு அது எப்போதுமே எரிச்சல்தான்.

போன வருடப் பரிசோதனையில் அவர் இரத்தம் குழாயில் தெளிந்து நின்றபோது, மேலே அரிசிக் கள் போல வெளுத்திருந்தது. எல்லாம் கொழுப்பு. அத்தான் தனக்கு வசதியாகப் புரிந்துகொண்டார். பன்றி இறைச்சியை விட்டுவிட்டு, சோஜுவோடு வெள்ளரிக்காய் கடித்தார்.

"பாரு மச்சான், துளி எண்ணெய் கிடையாது. முயல் மாதிரி திங்கிறேன்!"

சில மாதத்தில் வயிற்று வலியில் சுருண்டு விழுந்தார். கணையம் வீங்கியிருந்தது. டாக்டரம்மா என் அக்கா பொக்சுனிடம் பேசினார்.

"பன்னி மேல பழி போடாதீங்க. குடிச்சா ஈரலே கொழுப்பைச் செஞ்சு இரத்தத்துல கொட்டுது. இன்னொரு தடவை இப்படி வந்தா பிழைக்கிறது கஷ்டம்மா."

அக்கா வீட்டிலிருந்த பாட்டில்களைக் கொட்டிக் கழுவினாள். அத்தானும் விருந்துகளுக்கு ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தார். அவருடைய அப்பாவின் திதி வந்தது. பழப்பெட்டி கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். படைத்த மதுவை மூத்த மகன் முதலில் பருக வேண்டும். அவருடைய பெரியப்பா கோப்பையை நீட்டினார்.

"பெரியப்பா, டாக்டரு வந்து..."

"உங்கப்பன் குடுக்கறதுடா. அவன்கிட்டயும் டாக்டர் சீட்டைக் காட்டுவியா?"

அத்தான் இரண்டு கைகளாலும் வாங்கினார். கொடுத்ததை மறுத்துப் பழக்கமில்லாத மனிதர்.

சமையலறையிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்தாள். பீர் வாடைக்கே முகம் சுளிப்பவள். கோப்பையை அவர் கையிலிருந்து எடுத்து, பெரியவர் முன்னால் காட்ட வேண்டிய மரியாதைப்படி தலையைத் திருப்பிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தாள். இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்னம்மா இது?" என்றார் பெரியப்பா.

"கறுப்பு வீரன், பெரியமாமா. இவருக்கும் ஒருத்தர் வேணுமில்ல?"

காலிக் கோப்பையை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.

"இன்னும் இவருக்குன்னு இருந்தா, எனக்கு ஊத்துங்க."