நீலக்காரர்களின் கோல் போஸ்ட்

என் காயலான் கடைக்கு எது வந்தாலும் நான் கலங்கியதில்லை. மூடிப்போன பட்டறையின் லேத் மெஷின் வந்திருக்கிறது, நொடித்துப்போன கல்யாண மண்டபத்தின் கேட் வந்திருக்கிறது. தொழில் படுத்து, ஓசூர் பக்கம் சின்ன யூனிட்கள் வரிசையாக ஷட்டரை இறக்கியபோது என் கடை மட்டும் நிரம்பி வழிந்தது. ஊர் அழுதால் உனக்குக் கொண்டாட்டம் என்று சொந்தக்காரர்களே குத்திக்காட்டினார்கள். அதற்கும் சிரித்துவிட்டு இரும்பை எடை போடப் போய்விடுவேன். ஆனால் ஒரு சனிக்கிழமை மதியம், நீலக்காரர்களின் கேப்டன் டெம்போவிலிருந்து இறக்கிய மூன்று குழாய்களைப் பார்த்ததும் கலங்கிப்போனேன். அது அவர்களுடைய கோல் போஸ்ட்.

எங்கள் பகுதியில் இரண்டு கால்பந்து கிளப்புகள். கடைவீதிக்காரர்களான நாங்கள் மஞ்சள். தொழிற்பேட்டைக் குடியிருப்புப் பையன்கள் நீலம். பேச்சைத் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் முடிப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஏரிக்கரை மைதானத்தில் மோதுவோம். சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்கிய வருடம்கூட ஒரு வாரம் தள்ளி வைத்தோமே தவிர, நிறுத்தவில்லை.

மைதானத்தின் ஒரு முனையில் நிற்கும் கோல் போஸ்ட் எங்களுடையது, மறுமுனையில் நிற்பது அவர்களுடையது. தோற்ற கட்சி, ஜெயித்த கட்சியின் போஸ்ட்டுக்கு அவர்களுடைய நிறத்திலேயே பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த மேட்ச்சுக்குள் அடித்தாக வேண்டும். கோப்பையும் கிடையாது, மெடலும் கிடையாது. எதிராளி பிரஷ்ஷோடு நிற்பதைச் சுற்றி நின்று கேலி பேசுவதுதான் பரிசு. போன வருடம் தோற்றது நாங்கள். இந்த வருட மேட்ச்சுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது, நாங்கள் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

"என்னா தம்பி இது?" என்றேன்.

"ரேட்டு போடுங்க பாய்." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கம்பெனிக்கு ஆர்டரே இல்லீங்க. நம்ம டீமுக்கு செலவு பண்ணிட்டிருந்த ஓனரு கையை விரிச்சுட்டாரு. பாதிப் பசங்களுக்கு வேலை போயிடுச்சு. பூட்ஸ் வாங்குனதே பாக்கி நிக்குது. கிளப்பை மூடிடலாம்னு பேசி முடிச்சுட்டோம்."

அவன்தான் அவர்களுடைய கோல்கீப்பர். எத்தனையோ முறை எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவன். கோட்டுக்கு வெளியே நின்று அவனை நான் பேசாத பேச்சில்லை. அவன் அப்படித் தலை குனிந்து நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க மூடிட்டா நாங்க யாரைப்பா அடிக்கிறது?" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து லேஅவுட் போட்டு மனை விற்கும் ஒருவர் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நீலம் மூடப்போகும் சேதி அவருக்கு அதற்குள் எட்டியிருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "ஊரே கஷ்டத்துல இருக்குது. இதுல என்ன மஞ்சள், நீலம்? ரெண்டு பேரும் ஒரே டீமா ஆயிடுங்க. ஜெர்சி, பந்து, பூட்ஸ் எல்லாம் நான் பாத்துக்கறேன். முதுகுல நம்ம லேஅவுட் பேர் மட்டும் இருந்தாப் போதும்" என்றார்.

"ஒண்ணா சேந்துட்டா யாரோட சார் விளையாடுறது? உங்க ப்ளாட்டு கல்லோடயா?"

கேப்டன் பக்கென்று சிரித்துவிட்டான். மனைக்காரர் டீயை மீதி வைத்துவிட்டு எழுந்து போனார். போகட்டும். ஒற்றுமை என்றால் எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் என் எதிரியை விலைக்கு வாங்கி என் பக்கத்தில் உட்கார வைக்க இவர் யார்?

குழாய்களைத் தராசில் ஏற்ற மாட்டேன் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். "தோத்தது நாங்க. பெயின்ட் அடிக்க வேண்டியது பாக்கி கிடக்குது. இப்ப இதை வெட்டுனேன்னு வையி, பெயின்ட் அடிக்கப் பயந்துக்கிட்டு மஞ்சக்காரன் போஸ்ட்டையே வெட்டிட்டான்னு ஊரு பூரா சொல்லுவீங்க. நாளைக்குக் காலைல உங்க ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வா. வந்து கேலி பண்ணு."

"பூட்ஸ் கடை பாக்கி?"

"அந்தாளு நம்ம மஞ்சள்தான். மேட்ச்சு முடியற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டான். நான் பாத்துக்கறேன்."

அன்று வீட்டில் என் மனைவி, "வந்த இரும்பைத் திருப்பி அனுப்புற காயலான் கடைக்காரரை இப்பதாங்க பாக்கறேன்" என்றாள். மறுநாள் காலை அவளே பழைய துணியெல்லாம் பொறுக்கித் துடைப்பதற்கு எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடை வாசலில் உட்கார்ந்து துருவைச் சுரண்டினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நீல எனாமல் அடித்தோம். நீலக்காரர்கள் முதலில் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஓரமாக நின்றார்கள். பிறகு ஒருவன் கன்னடத்தில் ஏதோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பாய், அங்க விட்டுப்போச்சு! கண்ணாடி போட்டுக்கங்க!" என்றான் இன்னொருவன். திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வேறு எந்த நாளிலும் இல்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் முறைத்தேன். பெயின்ட் காய்ந்ததும் அதே டெம்போவில் ஏற்றி, மைதானத்தில் குழி தோண்டி சிமென்ட் போட்டு நட்டோம்.

மேட்ச் நடந்தது. நீலத்துக்குப் புது ஜெர்சி இல்லை. வேலையை விட்டு அனுப்பிய கம்பெனியின் நீல யூனிஃபார்ம் சட்டையையே போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பாக்கெட்டில் இருந்த கம்பெனிப் பேரைப் பிய்த்து எறிந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் பக்கத்திலேயே நாலைந்து பேர் விசில் அடித்துவிட்டார்கள். அவர்களை அதட்டி உட்கார வைத்தேன். நானும் அடித்திருப்பேன், வாயில் வெற்றிலை இருந்தது.

முதல் பாதியிலேயே அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதியில் நாங்கள் அந்த நீலப் போஸ்ட்டை நோக்கி அடிக்க வேண்டும். மேட்ச் முடியும் நேரம், எங்கள் பையன் ஒருவன் அறுபதடி தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். கேப்டன் பாய்ந்தும் எட்டவில்லை. நான் எழுந்து கையைத் தூக்கிவிட்டேன். பந்து மேல் குழாயில் ணங்கென்று பட்டு வெளியே தெறித்தது. அந்தக் குழாயை இரண்டு மணி நேரம் சுரண்டியது நான்தான்.

தோற்றுவிட்டோம். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கேப்டன் வேர்வையும் மண்ணுமாக ஓடி வந்தான்.

"பாய், அன்னிக்கே ரேட்டு போட்டு வாங்கியிருக்கலாம்ல?"

"போடா!" என்றேன்.

"மீதி நீலப் பெயின்ட்டை நல்லா மூடி வெச்சிருக்கீங்களா? காஞ்சிடப் போவுது. அடுத்த மேட்ச்சுக்குள்ள அடிச்சாவணும்."

அடுத்த மேட்ச் என்று அவன் வாயாலேயே சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது தெரிந்துவிடக் கூடாதே என்று, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவனைத் திட்ட ஆரம்பித்தேன்.