மூணாவது ஆள் யாரு?

ஞானஸ்நானம் எடுத்துக்கொள் என்று என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாற்பத்தாறு வயதில் பெண் கிடைத்த குஷியில் நானேதான் வாயைக் கொடுத்தேன். அவர் சிவகாசியில் நர்ஸ், பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர். கல்யாணம் ஆகும்வரை அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டேன். நான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்; எந்தக் கோயிலில் சுண்டல் தந்தாலும் பக்தன். நர்ஸம்மா போகும் தேவாலயத்தின் பங்குச் சாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: திரித்துவம் என்றால் என்ன என்று என் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தியானால்தான் ஞானஸ்நானம், அதற்கப்புறம்தான் கல்யாணத் தேதி.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூன்று ஆள், ஒரே கடவுள். வெடிமருந்து கலக்கும் ஷெட்டில் இரண்டு பேருக்கு மேல் நிற்கவிடாமல் விரட்டியே பிழைப்பு நடத்துகிறவன் நான். மூன்று பேர் ஒன்றாக இருக்கிறார்கள் என்றாலே என் கை விசிலைத் தேடும்.

ஞாயிறு பூசை முடிந்து சாமியார் அறைக்குப் போனோம். நர்ஸம்மா சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த பதிலை எடுத்துவிட்டேன்: வெடி ஒன்றுதான், அதில் வெளிச்சம், சத்தம், புகை என்று மூன்று. புகை மட்டும் முழு வெடி ஆகுமா, இங்கே ஒவ்வொருவரும் முழுக் கடவுளாயிற்றே என்றார் சாமியார். போச்சு. அடுத்ததைப் பற்றவைத்தேன். நான் ஒருத்தன்தான், ஊரில் இருக்கிற அம்மாவுக்கு மகன், கம்பெனியில் போர்மேன், அக்கா வீட்டில் தாய்மாமன். அப்படியானால் இயேசு பிதாவிடம் ஜெபம் செய்தாரே, அது தனக்குத்தானே பேசிக்கொண்டதா என்று கேட்டார். அதுவும் நமத்துப்போனது.

கையில் வேறு சரக்கு இல்லை. கல்யாணப் பந்தலை யாரோ பிரிக்கிற சத்தம் எனக்குக் காதிலேயே கேட்டது. சாமியார் பாவம் பார்த்து, உலகத்தைப் படைக்கும் முன்னால் கடவுள் எப்படி இருந்திருப்பார், அதையாவது யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

எங்கே யோசித்தேன், உளறினேன்.

"ஒத்தையா இருந்திருக்க மாட்டாரு சாமி. நான் இம்புட்டு வருசம் ஒத்தையாத்தான இருந்தேன். மனசு நெறையப் பிரியம் இருக்கும், குடுக்க ஆள் இருக்காது. சாயங்காலமானா செவுத்தப் பாத்துப் பேசிக்கிட்டு இருப்பேன். கடவுளுக்கு அந்த நெலம வருமா? பிரியம் வைக்க அவருக்குள்ளயே ஆள் இருந்திருக்கும்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, ரெண்டு பேர் வந்தாச்சு. மூணாவது ஆள் யாரு?"

பதற்றத்தில் அறையில் இருந்தவர்களை எண்ணினேன். "நீங்கதான் சாமி."

நர்ஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. சாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அந்த இருவருக்கும் நடுவே ஓயாமல் போய்வருகிற பிரியம் இருக்கிறதே, அதுவும் ஓர் ஆள்தான், அதைத்தான் பரிசுத்த ஆவி என்கிறோம் என்றார். முழுசாகப் புரிந்ததா என்றும் கேட்டார். இல்லை என்றேன். ஆனால் பெஞ்சுப் பக்கம் திரும்பினேன், நர்ஸம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிரியம் ஓர் ஆள்தான் என்று அந்த நிமிடம் யார் கேட்டிருந்தாலும் சத்தியமே செய்திருப்பேன்.

இது போதும், ஞானஸ்நானம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குத் தேதி கேட்டார் சாமியார். கம்பெனியில் தீபாவளி சீசன் லோடு தலைக்கு மேல் கிடந்தது, லீவு என்ற பேச்சே கிடையாது. இருந்தும் நாளைக்கே என்றேன்.

"தீபாவளி கழியட்டும் சாமி," என்றார் நர்ஸம்மா. "சீசன் முடிஞ்சு இவுக கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடட்டும்."