உதறாத சாக்கு

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டலில் இருபத்திரண்டு வருஷமாகப் பரோட்டா அடிக்கிறேன். ஊர் தென்காசிப் பக்கம். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஆனால் மூச்சைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. அது என்னை விட்டுப் போய்ப் போய் வந்திருக்கிறது.

மைதா மூட்டையைத் தொட்டியில் கொட்டினபின் வெறும் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு உதறுவோம். ஒரு பிடி மாவு விழும். ஒரு பிடி மாவு ஒரு பரோட்டா. முதலாளி யாரும் உதறச் சொன்னதில்லை. ஆனாலும் உதறாமல் சாக்கை மடிப்பவனை எங்கள் தொழிலில் மாஸ்டர் என்று மதிக்க மாட்டார்கள். உதறும்போது தோளில் கிடக்கிற துண்டை மூக்கில் கட்டிக்கொள்வேன். மாவு வெள்ளைப் புகையாக எழும்பும். அடங்கினதும் துண்டை அவிழ்த்து முகம் துடைத்துத் திரும்பத் தோளில் போடுவேன்.

நாற்பத்தாறு வயதில் இருமல் வந்தது. ஆறு மாதத்தில் மூச்சில் சத்தம் வந்தது. டீ மாஸ்டர் நாகர்கோவில்காரர், என்னைவிட ஒரு வயசு மூப்பு.

"என்னவே, நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கீரு. பஸ் கிளம்பப் போவுதுன்னு ஆளுக பாதிச் சாப்பாட்டுல எழும்பி ஓடுது" என்றார்.

சிரித்தேன். சிரித்த மூச்சு திரும்பி வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி மலையாளி. கெட்டவர் இல்லை. கல்லாவிலிருந்து பார்த்துவிட்டார்.

"மாஸ்டரே, ஆஸ்பத்திரியில காட்டணும் கேட்டோ. ஆளுங்க சாப்பிடுற இடமாக்கும். டிபின்னு ஒருத்தன் சொன்னா தீர்ந்து. ரிப்போர்ட் நல்லதுன்னா நில்லு. இல்லேன்னா ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ரெஸ்டுக்குப் போன மாஸ்டர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியில் சளி பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு மெஷினில் ஊதச் சொன்னார்கள். டாக்டர் சின்ன வயசு அம்மா. டிபி இல்லை என்றார். ஆஸ்துமா என்றார்.

"அது சின்னப் பிள்ளையளுக்கு வர்றதுல்லா?"

"பெரியவங்களுக்கும் புதுசா வரும். ரத்தத்துல வெள்ளை அணு உண்டு, காவலுக்கு. அதுல ஒரு கூட்டம் புழுவோட சண்டை போட உள்ளது. உங்களுக்கு அந்தக் கூட்டம் கூடிப்போச்சு. மூச்சுக்குழல்ல போய் உக்காந்து விஷம் கக்குது. குழல் வீங்கிச் சுருங்குது."

"என் உடம்புல புழுவா?"

"புழு இல்லை. வேற எதையோ பகைன்னு நினைச்சிருக்கு. என்ன ஜோலி?"

சொன்னேன்.

"மாவு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இருபத்திரண்டு வருஷமா இல்லாதது இப்ப எப்படிம்மா பகையாவும்?"

"அத்தனை வருஷமும் அது பார்த்துட்டே இருந்திருக்கு. ஒருநாள் பகைன்னு தீர்மானிச்சுது. தீர்மானிச்சா மறக்காது."

"மாவு இல்லேம்மா. ஓணத்துக்குக் கடை பூட்டி நாலு நாள் ரூமுலதான் கிடந்தேன். அப்பவும் வந்துது. மத்தியானம் கண்ணசந்தா கூடுதலா வருது."

"எப்படிப் படுப்பீங்க?"

"ஈ வரும். முகத்துல துண்டைப் போட்டுப் படுப்பேன்."

"எந்தத் துண்டு?"

தோளைக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, துண்டை வாங்கி, நோயாளி படுக்கிற கட்டிலின் கறுப்பு ரெக்சின்மேல் வைத்து அழுத்தி எடுத்தார். துண்டின் நெசவு அப்படியே வெள்ளையாகப் பதிந்திருந்தது.

மூக்கைக் காக்கக் கட்டின துண்டு. அதையே வருஷக்கணக்காக முகத்தில் மூடி உறங்கியிருக்கிறேன்.

வாயில் வைத்து இழுக்கிற இரண்டு பம்பு கொடுத்தார். நீலம் குழலைத் திறக்கும். பழுப்பு அந்த அணுக்கூட்டத்தை அடக்கும். மூச்சு நன்றாக இருந்தாலும் பழுப்பைத் தினமும் இழுக்க வேண்டும்.

"மாவு ஜோலியை விடுறதுதான் நல்லது" என்றார்.

"அது நடக்காதும்மா."

"நடக்காதுன்னா பொடி உள்ள போகாம பாருங்க. மாசாமாசம் வந்து ஊதிக் காட்டணும். ஊதுற அளவு குறைஞ்சா நான் சும்மா விட மாட்டேன்."

"சரி" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். என் சொந்த அணு. நான் சோறு போட்டு வளர்த்தது. எனக்குச் சோறு போடுகிற மாவைப் புழு என்கிறது. யார் சொல்வது செல்லும் என்று பார்ப்போம்.

முதலாளி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிபி இல்லை, சரி. பின்னே மாவு ஆகாதுன்னு எழுதியிருக்கே. நீ மேசை துடைக்கிற ஜோலி பாரு. நான் வேற மாஸ்டரைப் பார்த்துக்கலாம்."

"அடிக்கிற மாவுல எண்ணெய் இருக்கு, முதலாளி. பறக்காது. பறக்கிறது சாக்குலதான். இனி நான் சாக்கை உதற மாட்டேன். கொட்டவும் மாட்டேன். அடிப்பேன்."

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "உதறாத மாஸ்டரா? தென்காசியில போய்ச் சொல்லிராதேயும் வே. பொண்ணு எடுத்த வீட்டுல சிரிப்பாவ." அப்புறம், "நான் கொட்டித் தாரேன்" என்றார்.

அவர் மூட்டையைத் தொட்டிக்குள் படுக்கவைத்து, வாயை அறுத்து, சாக்கை மெல்ல உருவுவார். ஓரமாகத் தண்ணீர் விடுவார். பொடி நனைந்தபின் நான் உள்ளே போய்ப் பிசைவேன். முதல் நாள் வெறும் சாக்கைப் பார்த்ததும் கை தானாகப் போனது. மூலையில் ஒரு பிடி மாவு இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். துண்டைத் தினமும் துவைக்கிறேன். மத்தியானம் ஈ மொய்த்தால் மொய்க்கட்டும்.

பழுப்புப் பம்பு முதலில் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது வாரம் ரூமுக்கு மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்காததை நானே மேலே போனபின்தான் கவனித்தேன்.

முதலாளி என்னை அடிக்க விட்டபோதே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஆள் பார்க்கப் பம்பை இழுக்கக் கூடாது, பின்கட்டுக்குப் போக வேண்டும். பின்கட்டில்தான் மாவு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன.

ஒரு சாயங்காலம், நல்ல கூட்டம். நெஞ்சு இறுகியது. முதலாளி கண்ணால் பின்கட்டைக் காட்டினார். நான் போகவில்லை. கையைக் கழுவி, நீலத்தை எடுத்து, பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றே இழுத்தேன்.

பார்சலுக்கு நின்ற ஒருவர் கேட்டார். "எந்தா மாஸ்டரே அது?"

"வலிவு, மூச்சிழுப்பு. எனக்குத்தான். பரோட்டாவுக்கு இல்லை."

"என் அச்சனுக்கும் உண்டு. அஞ்சு பரோட்டா, சீக்கிரம்."

முதலாளி கல்லாவில் குனிந்துகொண்டார். அதன்பின் பின்கட்டைக் காட்டவில்லை.

மாசாமாசம் ஊதிக் காட்டுகிறேன். ஊதுகிற அளவு குறையவில்லை. டாக்டரம்மா இன்னும் "விட்டுடுங்க" என்கிறார். உள்ளே அந்த அணுக்களும் அதையே சொல்கின்றன. அவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறேன். அவை சொன்னால் பம்பை எடுக்கிறேன். நாளைக்கும் கல் சூடாகும்போது நான் அதன் முன்னால் நிற்பேன்.